மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் ஒரு தவணை
(தவணை இறுதிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

கொழுந்து நிறுத்த கையோடு வந்திருக்கிறீங்க, நீட்டிப் பேசமாட்டோம்.

தவணை தொடங்கியதும், காலையில் சாப்பிட்டதைப் படமாக வரையும்படி பிள்ளைகளிடம் சொன்னோம். சுவர் நிறைய ரொட்டியும் தேத்தண்ணிக் கோப்பையும்தான். அவற்றை எண்ணிக் கணக்குப் பாடம் செய்தோம். பிறகு வெறும் பால்மா டின்களில் பயறு முளைக்கப் போட்டு, தினமும் அடிமட்டத்தால் அளந்து எழுதினார்கள். பள்ளிக்கூடத்துப் பின்புறம் வல்லாரையும் பொன்னாங்காணியும் நட்டோம். அட்டைக்கடி வாங்கியது வேறு கதை. வல்லாரைச் சம்பல் "கசக்குது" என்ற பிள்ளைகளே, தாங்கள் பிடுங்கிய கீரை என்றதும் இரண்டாந்தரம் கேட்டார்கள்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்கிறோம். சாப்பாட்டோடும் சாப்பிட்ட உடனேயும் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்காதீங்க. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. நாம் பறிக்கும் கொழுந்தைக் குறை சொல்கிறோம் என்று நினைக்காதீங்க. இரத்தம் குறைந்த பிள்ளை பத்து மணிக்கே மேசையில் தலையைச் சாய்த்துவிடும். சோம்பேறி என்று நாங்களும் ஏசியிருக்கிறோம். அது எங்கள் பிழை.

தேத்தண்ணி வேண்டுமென்றால் ஒரு மணித்தியாலம் போகட்டும். கீரையில் தேசிக்காய் பிழிந்தாலோ, சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் தின்றாலோ சத்து நன்றாகச் சேரும். "குளிருக்கு என்ன கொடுக்கிறது?" என்று ஓர் அம்மா கேட்டார். சுடுதண்ணி போதும்.

அடுத்த தவணை போஞ்சி நடப்போகிறோம். வீட்டில் விதை இருந்தால் ஒரு பிடி கொடுத்தனுப்புங்க.