இரண்டு கைகள்
(கிளையின் மூத்த உறுப்பினர் தினத்தன்று ஆற்றிய உரை)



சங்கீதம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் கர்நாடக சங்கீதம் என்று நினைத்திருப்பீர்கள். மன்னிக்கவும், இது ஒரு பியானோ வித்வானின் கதை.

பெயர் லியான் ஃப்ளைஷர். 1928-ல் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஆர்தர் ஷ்னாபெல் என்ற மகா வித்வானுக்குச் சிஷ்யரானார். 16 வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் வாத்தியக் குழுவுடன் கச்சேரி. 1952-ல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு.

1964-ல், 36 வயதில், வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாகவே உள்ளே மடங்க ஆரம்பித்தன. வியாதியின் பெயர் ஃபோகல் டிஸ்டோனியா என்று தெரியவே பல வருஷங்கள் ஆயின. கோளாறு கையில் இல்லை, மூளை இடும் உத்தரவில். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே சமயத்தில் இறுகிவிடும். பல பேருக்குக் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும்போது மட்டுமே இப்படி ஆகும்.

இதை ஏன் சொல்கிறேன்? 33 வருஷம் சர்க்கார் ஃபைல்களில் கையெழுத்துப் போட்ட என் கைக்கும் இதே கதி. காபி டம்ளரைப் பிடிக்கும். பேனாவைப் பிடித்தால் முறுக்கிக்கொள்ளும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் செக்கைத் திருப்பினார்கள். வெட்கப்பட்டு, மனைவியிடம்கூடச் சொல்லாமல் இரண்டு வருஷம் மறைத்தேன். பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனேன். "இது ரைட்டர்ஸ் கிராம்ப். ஃப்ளைஷருக்கு வந்ததும் இந்த வகைதான்" என்றார் அவர். அப்படித்தான் அந்த மனிதர் எனக்கு அறிமுகமானார்.

முதலில் அவரும் இடிந்துதான் போனார். பிறகு பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் சிஷ்யர்களை உருவாக்கினார். வாத்தியக் குழுக்களை நடத்தினார். இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையை வாசித்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக ராவெல் எழுதிய கான்செர்ட்டோ அவற்றில் ஒன்று. தன் பந்தம் இசையோடுதான், இரண்டு கை வாசிப்போடு அல்ல என்று புரிந்துகொண்டார்.

1990-களில் பாட்டுலினம் ஊசி போட்டுக்கொண்டார். நரம்பு முனையில் அசிடைல்கோலின் சுரப்பதை அது தடுக்கும். இறுகிய தசை தளரும். பலன் சில மாதங்களே. மறுபடி போட வேண்டும். பூரண குணமில்லை, நிவாரணம்தான். ஆனாலும் 2004-ல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'இரண்டு கைகள்'! 2020-ல், 92 வயதில் காலமானார்.

நான் இப்போது இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன். வங்கியில் புது மாதிரிக் கையெழுத்தும் கொடுத்தாயிற்று. காலனிக் குழந்தைகளுக்குச் சாயங்காலம் பௌதிகம் சொல்லித் தருகிறேன். கரும்பலகையில் என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் பாடம் புரிகிறது என்கிறார்கள். இந்த உரைகூட நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியதுதான்.

உங்களில் யாருக்காவது கை ஒத்துழைக்கவில்லை என்றால், வயசாகிவிட்டது என்று மூடி மறைக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். நான் வீணாக்கிய இரண்டு வருஷங்களை நீங்களும் வீணாக்க வேண்டாம்.