கண் எடுத்தால் போதுமா?

(“கால்பந்துக் கிளப்பை உயர்த்துவது ஆளைத் தேர்ந்தெடுக்கும் கண்ணா? ஆளை வளர்க்கும் கையா?” என்ற பட்டிமன்றத்தில் ‘வளர்க்கும் கையே’ என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ‘கண்ணே, கண்ணே’ என்று கண் சிவக்கப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! குளிரையும் பார்க்காமல் குடும்பத்தோடு வந்திருக்கிற மெல்பர்ன் வாழ் பெரியோர்களே, தாய்மார்களே!

நடுவர் அவர்களே, நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து முதல்ல கேட்ட கேள்வி, “நீங்க எந்த டீம்?” நான் நெஞ்சை நிமிர்த்தி “இந்தியா”ன்னேன். (சிரிப்பு) அவர் கேட்டது ஃபுட்டியை. என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒரு மஞ்சள் கறுப்புத் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டார். நம்ம ஊர்ல கழுத்துல துண்டு விழுந்தா என்ன அர்த்தம்? கட்சியில சேர்த்துட்டாங்கன்னு அர்த்தம்! (சிரிப்பு, கைதட்டல்) அன்று முதல் நான் ரிச்மண்ட் கிளப் ரசிகன்.

விவரம் தெரியாத தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே பெரிய லீகில் 18 கிளப்புகள். மைதானத்தில் ஒரு பக்கம் 18 பேர். பந்து உருண்டை இல்லை, முட்டை மாதிரி. காசிருக்கிற கிளப் எல்லாரையும் வாங்கிவிடக் கூடாது என்று சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். 1986-இல் டிராஃப்ட் என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம் முடிக்கிற வயதுப் பிள்ளைகளைக் கிளப்புகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். எந்தக் கிளப் கடைசியாக வந்ததோ, அதற்குத்தான் முதல் வாய்ப்பு. அதாவது, கடைசி பெஞ்சுக்கு முதல் பந்தி! (சிரிப்பு) அதனாலேயே சீசன் முடிகிற நேரத்தில், “இந்த ஆட்டம் தோத்தாக்கூட நல்லதுதான்”னு சில ரசிகர்கள் வாய்க்குள்ளேயே வேண்டிக்கொள்வதும் உண்டு.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “விளையும் பயிர் முளையிலே தெரியும்; 2001-இல் ஹாதார்ன் கிளப் முதல் ஆளாக லூக் ஹாட்ஜை எடுத்தது, நான்கு கோப்பை வந்தது; பார்த்தீர்களா கண்ணின் பெருமையை” என்றார். பார்த்தேன் ஐயா. ஆனால் நீங்கள் பாதி பார்த்துவிட்டு மீதியை மூடிவிட்டீர்கள்!

ஹாட்ஜ் வாங்கிய முதல் கோப்பை எந்த ஆண்டு? 2008. அவர் ஆட வந்து ஏழாவது சீசன். அந்த ஏழு ஆண்டும் அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியது கண்ணா, கையா? (கைதட்டல்) இன்னொன்று கேளுங்கள். 2008-இல் கோப்பை வென்ற அணிக்குக் கேப்டன் யார்? சாம் மிட்செல். அவரும் அதே 2001 டிராஃப்டில் வந்தவர்தான். எத்தனையாவது? 36-ஆவது! முதல் எண் முதலாளியாகி, 36 வேலைக்காரன் ஆகவில்லை ஐயா. முதல் எண்ணை 36 வழிநடத்தியது! (பலத்த கைதட்டல்)

அதே ஆண்டு, 58-ஆவதாக ஒரு பிள்ளையைக் காலிங்வுட் எடுத்தது. பெயர் டேன் ஸ்வான். 2010-இல் கோப்பை. 2011-இல் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான ப்ரௌன்லோ பதக்கம். ஸ்வானுக்கு முன்னால் 57 முறை பெயர் சொன்னார்களே, அப்போதெல்லாம் இந்தப் பெரிய பெரிய கண்கள் என்ன செய்துகொண்டிருந்தன? (சிரிப்பு)

சரி, கண்ணே போதும் என்றால், ஒரு கிளப்புக்கு மூன்று ஆண்டு தொடர்ந்து முதல் வாய்ப்பு கிடைத்தால் என்ன ஆகவேண்டும்? கோப்பை வைக்க அலமாரி பத்தாமல் போகவேண்டும். கார்ல்டனுக்குக் கிடைத்தது. 2005-இல் மார்க் மர்ஃபி, 2006-இல் பிரைஸ் கிப்ஸ், 2007-இல் மாத்யூ க்ரூஸர். மூன்று பேரும் சோடை இல்லை. மர்ஃபி 300 ஆட்டம் ஆடியவர். கண் தப்பவே இல்லை நடுவர் அவர்களே! ஆனால் கார்ல்டன் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1995-இல். அந்த மூவரில் ஒருவர் கையிலும் கோப்பை வரவில்லை. நல்ல விதை மூன்று இருந்தால் மட்டும் தோப்பு ஆகிவிடாது. மண் வேண்டும், வேலி வேண்டும், மழை வரும்வரை காத்திருக்கிற மனசு வேண்டும்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2009-இல் மெல்பர்ன் கிளப்புக்கு முதல் இரண்டு பெயர். ரிச்மண்டுக்கு மூன்றாவது. வந்தவர் டஸ்டின் மார்ட்டின். அடுத்த ஆண்டு டேமியன் ஹார்ட்விக் பயிற்சியாளராக வந்தார். கோப்பை வந்ததா? 2013, 2014, 2015, மூன்று ஆண்டும் இறுதிச்சுற்றுத் தொடருக்குப் போனோம். மூன்று ஆண்டும் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டினோம். 2016-இல் 13-ஆவது இடம். 1980-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். “கோச்சை மாத்து! ஆளை மாத்து! எல்லாத்தையும் பெருக்கித் தள்ளு!”

மேடையில் பொய் சொல்லக் கூடாது. நானும் கத்தினேன். எங்கள் வீட்டு வரவேற்பறையில் கத்தினதால் கிளப்புக்குக் கேட்கவில்லை. (சிரிப்பு) கேட்காததும் நல்லதாகப் போயிற்று! கிளப் ஹார்ட்விக்கை அனுப்பவில்லை. வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு, 2017, அடிலெய்டை 48 புள்ளியில் வென்று கோப்பை வந்தது. 37 ஆண்டுக் காத்திருப்பு! மூன்றாவதாக வந்த மார்ட்டின் அதே ஆண்டில் ப்ரௌன்லோ பதக்கம், இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம், கோப்பை, மூன்றையும் வாங்கினார். அதுவரை யாரும் ஒரே ஆண்டில் அப்படி வாங்கியதில்லை. பிறகு 2019, 2020 என்று இன்னும் இரண்டு கோப்பைகள்.

உடனே எதிரணி அம்மையார் குறுக்கே கேட்டார்: “2016 கடைசியில் வேறு கிளப்பிலிருந்து மூணு பேரை வாங்கினீங்களே, அதை ஏன் மறைக்கிறீங்க?” மறைக்கவில்லை அம்மா. பிரெஸ்டியா, கேடி, நான்கர்விஸ் மூவரையும் வாங்கினோம். கடையில் அரிசி வாங்குவது தப்பா? வாங்கின அரிசி சோறாகிறதா, கஞ்சியாகிறதா என்பது யார் கையில் இருக்கிறது? (கைதட்டல்) நான்கர்விஸ் சிட்னியில் ஆடியது வெறும் 12 ஆட்டம். இங்கே வந்து வளர்ந்து, கேப்டனே ஆகிவிட்டார்!

அந்த மூன்று கோப்பையிலும் ஆடிய கேன் லாம்பர்ட் யார்? டிராஃப்டில் யாருமே கூப்பிடாமல் விட்டவர். 23 வயதில், ‘ரூக்கி’ என்று சொல்கிற கடைசி வாசல் வழியாக உள்ளே வந்தவர். மார்லியன் பிக்கெட் யார்? 27 வயது வரைக்கும் பெரிய லீகின் கதவு திறக்காதவர். 2019-இல் சீசன் நடுவில் எடுத்தார்கள். அவருடைய முதல் ஆட்டமே இறுதி ஆட்டம்! இறுதி ஆட்டத்தில் ஒருவர் அறிமுகமானது 1952-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. கோல் போட்டார், கோப்பையோடு வீட்டுக்குப் போனார். அவரை அந்த நாளில் நம்பி இறக்கிவிட்ட கை இருக்கிறதே, அதற்குத்தான் ஐயா நான் வாதாடுகிறேன்.

இன்னொரு கையும் இருக்கிறது. அது கணக்கில் வருவதில்லை. பெர்த்தில் வளர்ந்த 18 வயதுப் பையனை மெல்பர்ன் கிளப் எடுத்தால் அவன் வந்தாக வேண்டும். எந்த ஊர் என்று அவன் சொல்ல முடியாது. அம்மா அங்கே, பிள்ளை இங்கே. அப்படி வருகிற பிள்ளைகளைக் கிளப்புகள் முதல் ஆண்டு ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்கவைப்பது வழக்கம். ஆட்டத்தில் சொதப்பிவிட்டு ராத்திரி அவன் வீட்டுக்கு வரும்போது, “முதல்ல சாப்பிடுப்பா, அப்புறம் பேசலாம்” என்று தட்டு வைக்கிறாளே ஒரு தாய், அவளும் அந்த அணியைக் கட்டுகிறாள்! (பலத்த கைதட்டல்)

2024-இல் ரிச்மண்ட் மறுபடியும் கடைசி. முதல் வாய்ப்பு எங்களுக்கு. சாம் லேலரை எடுத்தோம்; கூடவே அதே டிராஃப்டில் கூடை நிறையப் பிள்ளைகள். அடுத்த சீசனில் ஒரு நாள் டிவியில் ஆட்டம். அதில் ஒரு பிள்ளை கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். நான் சோபாவிலிருந்து எழுந்து, “இவன் வேஸ்ட்! இவனைப் போய் எடுத்தாங்களே!” என்றேன். பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகன். திரும்பிப் பார்த்துச் சொன்னான்: “அப்பா, அவனுக்கும் என் வயசுதான்.”

நான் உட்கார்ந்துவிட்டேன், நடுவர் அவர்களே.

இங்கே நவம்பரில் டிராஃப்ட். டிசம்பரில் நம் பிள்ளைகளுக்கு ஏடார் மதிப்பெண். அதுவும் ஒரு வரிசை எண்தான், மிஞ்சிப்போனால் 99.95. அன்றைக்கு எத்தனை வீட்டில் 36-ஆவது பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது? எத்தனை வீட்டில் 58-ஆவது பிள்ளை கதவைச் சாத்திக்கொள்கிறது? எண் போட்டவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மீதி நாளெல்லாம் நம் கையில்!

எடுப்பதற்கு ஒரு நாள் போதும். வளர்ப்பதற்கு ஏழு ஆண்டு வேண்டும். கண் ஒருநாள் தப்பலாம். கை விடக் கூடாது. கை விடாத கிளப்தான் உயரும், கை விடாத வீடும்தான் உயரும். எனவே, கிளப்பை உயர்த்துவது வளர்க்கும் கையே, வளர்க்கும் கையே என்று நல்ல தீர்ப்பைத் தருமாறு நடுவர் அவர்களை வேண்டுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)