மருத்துவ ஆய்வும் மாநில அரசின் நிதியும்

(போர்ட் கொச்சியில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் ஆளுநர் வான் ரீட், கொச்சியில் இருந்துகொண்டு இம்மண்ணின் மருத்துவச் செடிகளைப் பற்றிய அறிவைத் திரட்டினார். ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் கொங்கணி வைத்தியர் மூவரும் அதனை வழங்கினர். 1678 முதல் 1693 வரை அது ஆம்ஸ்டர்டாமில் 12 இலத்தீன் தொகுதிகளாக, ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என வெளிவந்தது. அறிவைத் தந்த மக்களோ அதைப் படிக்க இயலாதவர்களாயினர். கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே.எஸ்.மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து அதை மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் ஆங்கிலத்திலும், பின்னர் மலையாளத்திலும் வெளியிட்டது. வணிகக் கம்பெனி கொண்டுசென்றதை மக்கள் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்கள் மீட்டுத் தந்தன.

ஆய்வுக்குப் பொதுப்பணம் ஏன் என்று கேட்போர் உண்டு. கேரள அரசின் முயற்சியில் பிறந்து, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் வந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் அதற்கு விடை. அங்கு உருவான செயற்கை இதய வால்வின் முதல் மூன்று வடிவங்களும் தோல்வியுற்றன. நான்காவது வடிவமே 1990இல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மூன்று தோல்விகளைத் தாங்கிப் பொறுத்திருக்கும் இயல்பு இலாபத்துக்கு இல்லை.

2018இல் கோழிக்கோட்டில் நிபா தாக்கியபோது, நோயை உறுதிசெய்ய மாதிரிகள் மாநிலத்துக்கு வெளியே செல்ல வேண்டியிருந்தது. அதன்பின் தோன்னக்கல்லில் மாநில அரசின் நச்சுயிரி ஆய்வு நிறுவனம் செயல்படத் தொடங்கியது. கொள்ளைநோய் வந்தபின் ஆய்வகம் கட்டிப் பயனில்லை.

இப்பொறுப்பைச் சுமக்கும் மாநிலத்தின் நிலை என்ன? பகிர்வுக்குரிய மத்திய வரிகளில் கேரளத்தின் பங்கு, பத்தாவது நிதிக்குழுக் காலத்தில் 3.875 சதவீதம், பதினைந்தாவது நிதிக்குழுவில் 1.925 சதவீதம். இவ்வஞ்சனையை எதிர்த்துப் போராட வேண்டும். ஆயினும் அதையே காரணங்காட்டி, ஆய்வு மாணவரின் உதவித்தொகையையும் ஆய்வகத்தின் நிதியையும் முதலில் வெட்ட எந்த மாநில அரசுக்கும் உரிமையில்லை.

தோழர்களே! அருகிலுள்ள மட்டாஞ்சேரியில், கூட்டத்தில் எறியப்படும் ‘சாப்பா’ வில்லையை முண்டியடித்துப் பொறுக்கியவருக்கே துறைமுகத்தில் வேலை என்ற முறை இருந்தது. அதை எதிர்த்த தொழிலாளர்கள் 1953 செப்டம்பரில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் ஈந்தனர். இன்று பல்கலைக்கழகங்கள் ஆய்வு நிதிக்காக அவ்வாறே முண்டியடிக்க விடப்படுகின்றன. சாப்பாவை ஏற்க மறுத்த மண் இதையும் ஏற்கலாகாது. மருத்துவ ஆய்வுக்கான நிதி எறியப்படும் வில்லையன்று, மக்களின் உரிமை!