பன்பாயும் கைத்தறியும்: கல்முனைக் கரைப் பெண்களின் கைப்பணி

மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரியநீலாவணையைக் கடந்ததும் மருதமுனை வருகிறது. அதன்பின் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் தொடர்ந்து, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை நீள்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே வயல். முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த இக்கரையில் இரு சாராரும் பேசுவது தமிழே. அம்பாறை மாவட்டத்தின் இப்பகுதியை நெல்லுக்கும் மீனுக்கும் பெயர்பெற்ற இடமாக நாடு அறியும். மருதமுனைச் சாரத்தையும் சேலையையும் அறிந்தவர்களும் பலர். ஆயினும், அந்தத் துணிக்குப் பின்னாலும், வீட்டுத் திண்ணைகளில் உருவாகும் பன்பாய்க்குப் பின்னாலும் இருக்கின்ற பெண்களின் உழைப்பை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

இக்கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குத் திருமணம் பேசும்போது வீட்டைச் சீதனமாக அவளுக்கு எழுதிக் கொடுப்பதும், மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் முஸ்லிம்களிடையிலும் தமிழரிடையிலும் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஆகவே மூத்தம்மாவும் உம்மாவும் மகளும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ வாழ்கின்றனர். கைப்பணி கற்பதற்கு இங்கே தனியாகப் பள்ளிக்கூடம் வேண்டியிருக்கவில்லை. உம்மா பாய் இழைக்கும் திண்ணையே மகளுக்குப் பயிற்சிக்கூடமாயிற்று.

பன் என்பது சதுப்பு நிலங்களில் வளரும் கோரை இனத்தைச் சேர்ந்தது. அதனை அறுத்து, வெயிலில் உலர்த்தி, தரம் பிரித்து, ஒரு பகுதியைக் கொதிக்கும் சாய நீரிலிட்டு நிறமேற்றிய பின்னரே பாய் தொடங்குகிறது. இதற்குத் தறி இல்லை, விரல்களே கருவி. எண்ணிக்கை ஓரிடத்தில் தவறினாலும் கோலம் குலைந்துவிடும் ஆதலால், இழைப்பவளின் மனத்துள் கணக்கு ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் போக எஞ்சிய நேரத்தில் இவ்வேலை நடைபெறுகின்றது. முடிந்த பாயை வாசலுக்கு வரும் வியாபாரி வாங்கிச் செல்கிறார். சந்தை தொலைவில் இருப்பதால் அவர் சொல்வதே விலை. இழைத்த நாட்களுக்குக் கூலி எவ்வளவு என்று கணக்கிட்டால், அந்த விலை அதற்கு ஈடாவது அரிது. பிளாஸ்டிக் பாய் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர் அந்த விலைக்கும் ஆபத்து வந்தது.

கைத்தறியின் கதை வேறுவிதமானது. 1977ஆம் ஆண்டுக்கு முன்னர் இறக்குமதித் துணிக்கு இருந்த கட்டுப்பாடு உள்நாட்டுத் தறிகளுக்கு வேலியாக நின்றது. அவ்வாண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஆலைத் துணி சந்தையை நிரப்பியது. அதன்பின் போர்க்காலம் வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் பார்க்க அம்பாறையிலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டுசென்றது. மாண்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கடலை அண்டிய மருதமுனையில் வீடுகளோடு தறிகளும் பாவும் நூலும் அழிந்தன. 2022ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்புச் சரிந்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் நூலும் சாயமும் விலையேறின. இத்தனைக்கும் பின்னர் மருதமுனையில் தறியோசை கேட்கிறதென்றால் அதற்கு நெசவாளரின் மனவுறுதியே காரணம். நெய்வோர் ஒருபுறமிருக்க, நூல் சுற்றுவதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே தங்கியுள்ளன. துணியின் பெயர் ஊரெங்கும் பரவினாலும் இவ்வேலைக்குப் பெயரும் இல்லை, கூலியும் குறைவு.

இத்தகைய தொழிலுக்குத் தறியும் நூலும் இனாமாகக் கொடுப்பது ஒருவகை உதவியே. ஆயின் நெய்த துணியையும் இழைத்த பாயையும் உரிய விலை கொடுத்து வாங்குவார் இல்லையெனின், கொடுத்த தறி மூலையில் கிடக்கும். ஆலைப் பொருளோடு விலையில் போட்டியிடக் கைப்பணியால் இயலாது. அதற்குரிய இடம் வேறு. அந்த இடத்தைக் காட்டுவதற்கே வடிவமைப்பாளர் தேவைப்படுகிறார்.

இதற்கு இலங்கையிலேயே நல்ல சான்றுகள் உள. வத்தளையில் நல்லாயன் கன்னியர் மடத்தின் ஆதரவில் பெண்கள் நெசவு பழகினர். அவர்களுக்கு நிறமும் கோலமும் வகுத்துத் தருமாறு மடத்துத் துறவியொருவர் வேண்ட, ஓவியரான பார்பரா சன்சோனி அப்பணியை ஏற்றார். அதிலிருந்து 1964ஆம் ஆண்டில் 'பெயார்ஃபுட்' நிறுவனம் எழுந்தது. அவர் அப்பெண்களிடம் அரிய நெசவு நுட்பங்களை எதிர்பார்க்கவில்லை. அவர்கள் அறிந்த எளிய நெசவையே வைத்துக்கொண்டு, கோடுகளிலும் கட்டங்களிலும் நிறங்களைத் துணிவோடு அடுக்கினார். வெட்டி எஞ்சிய துணி பிள்ளைகளுக்கான பொம்மையாயிற்று. 2022ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தறிகள் தொடர்ந்து இயங்குகின்றன. மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் ஏனா த சில்வா, ஊர்ப் பெண்களைச் சேர்த்துப் பத்திக் வேலையையும் தையற்பூ வேலையையும் வளர்த்தார். 2015ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அவ்வூரில் ஒரு தலைமுறைப் பெண்கள் அத்தொழிலில் கைதேர்ந்திருந்தனர். இருவரும் ஒரு கண்காட்சிக்காக வந்து படமெடுத்துச் சென்றவர்கள் அல்லர்; பல்லாண்டுகள் அப்பெண்களோடு இருந்து பணிசெய்தவர்கள்.

கல்முனைக் கரைப் பெண்களுக்கு மிக நெருங்கிய உவமை, கடல் கடந்து பிலிப்பைன்ஸ் நாட்டில் உண்டு. அந்நாட்டின் தென்கோடியில், தாவித்தாவித் தீவுகளில், ஹாஜா அமினா அப்பி என்னும் முஸ்லிம் மூதாட்டி வாழ்ந்தார். தாழையோலையை முள் நீக்கி, கீறி, உலர்த்தி, தாமே கலந்த சாயத்தில் தோய்த்து அவர் பின்னிய பாய்கள், நிற அமைதிக்கும் நேரான ஓரத்துக்கும் புகழ்பெற்றன. அந்நாட்டு அரசு 2004ஆம் ஆண்டில் அவரைத் தேசத்தின் வாழும் கலைச்செல்வமாகப் போற்றி விருதளித்தது. அவ்விருதைப் பெறுவோர் தம் கலையை இளையோருக்குக் கற்பித்தலும் வேண்டும். அதே நாட்டின் சாமார்த் தீவில், பாசேய் என்னும் ஊரில், 'திக்கோக்' என்னும் கோரையால் பெண்கள் பாய் பின்னுகின்றனர். உலர்ந்த கோரை ஈரம் குறைந்தால் முறியும் என்பதனால் அவர்கள் குளிர்ந்த குகையொன்றினுள் அமர்ந்து பின்னுவதும் உண்டு. தமிழ்நாட்டில் தாமிரபரணிக் கோரையைக் கொண்டு பத்தமடை முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் பாய் புவிசார் குறியீடு பெற்று, ஊர்ப் பெயராலேயே காக்கப்படுகிறது.

இச்சான்றுகளிலிருந்து கல்முனைக் கரை கொள்ளத்தக்கவை சில உள. முதலாவது, கோரையின் குணத்தை அறிந்தவள் இழைப்பவளே. எந்த இடத்தில் பன் மடியும், எந்த இடத்தில் முறியும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். பாயைக் கைப்பையாகவோ மேசைவிரிப்பாகவோ மாற்ற எண்ணும் வடிவமைப்பாளர், முதலில் அவள் திண்ணையில் அமர்ந்து அதைக் கேட்டறிய வேண்டும். மருதமுனைத் துணியை உள்ளே வைத்துத் தைத்த பன்பை ஒன்று உருவாகுமாயின், நெசவுக்கும் பாய்க்கும் ஒருங்கே வேலை கிடைக்கும்.

இரண்டாவது, மாதிரி செய்யும் நாளுக்கும் கூலி உண்டு. புதிய பொருளொன்று சரியாக அமையும்வரை இழைத்துப் பிரித்து மீண்டும் இழைக்க நேரும். அந்த நாட்களின் நட்டத்தை அவள் தலையில் சுமத்துவது நீதியன்று. வடிவமைப்பாளர் ஒருமுறை வரைந்ததற்கு ஊதியம் பெறுவாராயின், அதனைச் செய்து பார்த்தவளும் பெறுதல் வேண்டும். மூன்றாவது, பழைய கோலம் எவருடையது என்ற வினா. மூத்தம்மாவிடமிருந்து வந்த கோலத்தைக் கொழும்பிலுள்ளவர் தம் பெயரில் விற்பாராயின், அங்கே ஒத்துழைப்பு இல்லை. பொருளோடு செல்லும் சீட்டில் இழைத்தவளின் பெயரும் ஊரின் பெயரும் இருத்தல் வேண்டும்.

இவற்றுக்கு வழியும் இல்லாமல் இல்லை. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவையையும் தேசிய வடிவமைப்பு நிலையத்தையும் அமைத்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவியியற் குறியீடுகளுக்கு இடமளிக்கிறது. ஊர்ப் பெண்கள் தனித்தனியே வாசலில் நின்று விலை பேசாமல், சங்கமாகச் சேர்ந்து பேசினால், இச்சட்டங்களின் பயனும் அவர்களை வந்தடையும். வியாபாரியும் அவர்களது விலையைக் கேட்டே பேசுவார்.

இழைத்த உழைப்புக்கு விலை கிட்டாதென்று கண்ட மகள், உம்மாவின் அருகே அமர்ந்து கற்க விரும்பமாட்டாள். வெளிநாட்டு வேலைக்கே விண்ணப்பிப்பாள். அவளைக் குறைகூறுவதற்கு இல்லை. பாய் இழைப்பதும் மதிப்புள்ள தொழிலே என்று அவள் கையில் வரும் பணம் சொல்லுமாயின், வீட்டோடு சேர்ந்து அந்த வித்தையும் அவளுக்குச் சீதனமாகும்.