ஆலயக் கதவு மூடியிருந்த நாட்கள்: மறக்கக் கூடாத பாடங்கள்

(கிறிஸ்துமஸ் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேக் வெட்டிட்டு, வாழ்த்து சொல்லிட்டு இறங்கிப் போயிடலாம். ஆனா இவ்வளவு பேர் ஒண்ணா உட்கார்ந்து பாடுறதைப் பார்க்கும்போது 2020-ஐப் பத்திப் பேசாம போக மனசு வரலை.

நினைச்சுப் பாருங்க. 2020 மார்ச் 25-ல நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 புனித வெள்ளி, 12 ஈஸ்டர். வருஷத்திலேயே பெரிய வாரம். ஆலயத்துல ஆள் இல்லை. குருவானவர் ஒருத்தர் பீடத்துல நிற்கிறார், எதிர்ல ஒரு செல்போன் கேமரா, அவ்வளவுதான். மக்கள் வீட்டு ஹால்ல உட்கார்ந்து யூடியூப்ல திருப்பலி பார்த்தாங்க. ரோமாபுரியில போப் பிரான்சிஸ் மார்ச் 27-ஆம் தேதி, மழையில, ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்துல நின்னு ஜெபிச்சார். வேளாங்கண்ணியில ஆகஸ்ட் 29 கொடியேற்றம். சென்னையில இருந்து காவி உடுத்தி நடந்தே போற கூட்டம் அந்த வருஷம் இல்லை. 2020, 2021 இரண்டு வருஷமும் பக்தர்கள் இல்லாமலேதான் திருவிழா நடந்துச்சு.

"சாமி கும்பிடுறதை ஏன் நிறுத்தணும்?"னு அப்போ கேட்டவங்க உண்டு. நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல கிடைச்சது. 2020 மார்ச் 10. ஒரு ஆலய மண்டபத்துல பாடகர் குழு ஒத்திகை. 61 பேர், இரண்டரை மணி நேரம் பாடினாங்க. கட்டிப்பிடிக்கலை, கைகுலுக்கலை, சானிடைசர் எல்லாம் வச்சிருந்தாங்க. அப்படியும் 53 பேருக்கு நோய். இரண்டு பேர் இறந்துட்டாங்க. மூடின அறையில வாய் திறந்து பாடும்போது மூச்சுக்காத்து வழியாவே கிருமி பரவுதுன்னு உலகத்துக்குப் புரிய வச்ச சம்பவங்கள்ல அதுவும் ஒண்ணு. அந்தக் கிருமிக்கு மதமும் தெரியாது, பக்தியும் தெரியாது.

நம்ம அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு வழிபாட்டு உரிமையைத் தருது. அதே பிரிவுதான் பொது ஒழுங்கு, நன்னெறி, மக்கள் நலவாழ்வு இந்த மூணுக்கும் உட்பட்டுத்தான் அந்த உரிமைன்னும் சொல்லுது. ஆகவே நோய்க் காலத்துல ஆலயத்தை மூடச் சொல்ல அரசுக்கு அதிகாரம் இருக்கு. அதை யாரும் மறுக்கலை. அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினாங்க என்பதுதான் கேள்வி.

மூணு விஷயம் சொல்றேன்.

முதலாவது, எல்லோருக்கும் ஒரே அளவுகோல். மதுரையில மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாம நடந்துச்சு, கள்ளழகர் வைகையில இறங்கலை. ரம்ஜான் தொழுகையை இஸ்லாமியச் சகோதரர்கள் வீட்லயே முடிச்சாங்க. மூணு மதத்து மக்களும் விட்டுக்கொடுத்தாங்க. ஆனா டாஸ்மாக்? மே 7-ஆம் தேதியே கடையைத் திறந்தாங்க. நீதிமன்றம் மூடச் சொல்லிச்சு; உச்ச நீதிமன்றம் வரை போய் மே 16-ல மறுபடியும் திறந்தாங்க. பெரிய கோயில், மசூதி, தேவாலயம் திறக்க செப்டம்பர் 1 ஆச்சு. மக்கள்கிட்ட தியாகம் கேட்கிற அரசு, வருமானம் வர்ற இடத்துல மட்டும் விதியைத் தளர்த்தினா, அடுத்த தடவை அது சொல்றதை யார் கேட்பாங்க?

இரண்டாவது, நோயாளியைக் குற்றவாளியா நடத்தக் கூடாது. தென்கொரியாவுல தேகு நகரத்துல ஒரு சபை வழியா நோய் பரவினப்போ அந்தச் சபையார் எல்லோர் மேலயும் வெறுப்பு பாய்ஞ்சுது. இங்க டெல்லி மாநாட்டை வச்சு ஒரு சமுதாயத்தையே தூற்றினாங்க. பழி போட்டா என்ன ஆகும்? காய்ச்சல் வந்தவன் பயந்து ஒளிவான். ஒளிஞ்சா நோய் இன்னும் பரவும். அன்னைக்கு அவங்களுக்கு நடந்தது நாளைக்கு நமக்கும் நடக்கலாம்.

மூணாவது, இறந்தவர்களுக்கு மரியாதை. 2020 ஏப்ரல்ல சென்னையில கொரோனாவால இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாம கும்பல் தடுத்துச்சு, ஆம்புலன்ஸை அடிச்சாங்க. கூட வேலை பார்த்த மருத்துவரே ராத்திரியில குழியில மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய வேண்டியதாச்சு. ஊருக்கு வைத்தியம் பார்த்தவருக்கு ஆறடி மண் கிடைக்கலை. அதுக்கப்புறம்தான், அடக்கத்தைத் தடுத்தா மூணு வருஷம் வரை சிறைன்னு அவசரச் சட்டம் வந்துச்சு. பாதுகாப்பா அடக்கம் பண்ணினா பிணத்துல இருந்து நோய் பரவும்னு பயப்படத் தேவையில்லைன்னு முன்னாடியே தெருத்தெருவா போய்ச் சொல்லியிருந்தா அந்த ராத்திரி வந்திருக்காது.

இன்னொண்ணு. காணிக்கைத் தட்டுல விழுறதை நம்பி வாழ்ற சின்னச் சபைப் போதகர், உபதேசியார், கோயில் வேலைக்காரர், கிராமத்துப் பூசாரி, மசூதி மோதினார், இவங்க அடுப்பு அந்த மாசங்கள்ல எப்படி எரிஞ்சுது? கதவை மூடுற உத்தரவு வர்ற அன்னைக்கே இவங்களுக்கான நிவாரண உத்தரவும் வரணும். இது சலுகை இல்லைங்க. ஊருக்காக வருமானத்தை இழந்தவருக்கு ஊர் செய்ய வேண்டிய கடமை.

நம்ம தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து ஒரு நோய் வந்தா, வாட்ஸ்அப்ல வர்றதைப் பார்வர்டு பண்றதுக்கு முன்னாடி பக்கத்துத் தெரு ஆலயத்துக்குப் போங்க. போதகர்கிட்ட பேசுங்க. தனியா இருக்கிற வயசானவங்க யார்னு அவருக்குத் தெரியும். மருந்து, அரிசி யாருக்கு வேணும்னு அவருக்குத் தெரியும். கோயில்லயும் மசூதியிலயும் அதேதான். அந்தப் பட்டியலைக் கையில எடுத்துக்கிட்டு வேலையைத் தொடங்குங்க.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.