அறிந்த பழுதும் அறியாத விபத்தும்

(நாகபுரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தின் நயத்தையும் இசையின் இனிமையையும் பேசுவதே வழக்கம். யான் எடுத்துக்கொண்ட பொருளோ ஓர் இரப்பர் வளையம். இதற்கு ஒரு விழா மேடை வேண்டுமா எனச் சிலர் நகைக்கலாம். வேண்டும் என்பதே என் துணிபு. நம் சங்கத்துக் குடும்பங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. அஜ்னியிலிருந்து சீதாபுல்டிக்கு நாள்தோறும் செல்வோர் பலர். பொங்கலுக்கு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே ஊர்வரை வண்டியிலேயே செல்லத் துணியும் இளைஞரும் உளர். அவர்களுள் சிலர் அடிக்கடி வினவுவது இது: "முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது, ஆயினும் வண்டி ஓடுகிறது. ஊர் போய் வந்து சரி செய்துகொள்ளலாமா?"

யான் பொறியாளன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்தனாக இருப்பவன். எனினும் வண்டி ஓட்டுவோன் என்ற முறையிலும், இரயில்வேயில் கண்ட ஒழுங்கைக் கொண்டும் இவ்வினாவுக்கு விடை கூற முற்படுகின்றேன்.

முதற்கண், முன் ஃபோர்க்கின் தொழில் யாது என்பதைக் காண்போம். அதன் இரு கால்களிலும் குழாய்க்குள் குழாய் இயங்குகின்றது. உள்ளே ஒரு சுருள்வில்லும் அளவாக எண்ணெயும் உள்ளன. சுருள்வில் பாரத்தைத் தாங்குகின்றது. ஆனால் அமுங்கிய வில் அமைதியாக நில்லாது. மீண்டும் மீண்டும் துள்ளும். அத்துள்ளலை அடக்குவது எண்ணெயே. சிறு துளைகளின் வழியே அது புகுந்து செல்ல நேரும்பொழுது உண்டாகும் தடை, வில்லின் ஆட்டத்தை ஒடுக்குகின்றது. 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர் 12 வண்டியில் இவ்வமைப்பை வெளியிட்டது. நம் சென்னையில் 1955-இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டிலும் இதே முறைதான். அவ்வெண்ணெய் வெளியேறாமல் காப்பது ஆயில் சீல் என்னும் இரப்பர் வளையம்.

அவ்வளையம் பழுதாவதற்குக் காரணங்கள் சில. சேறும் மணலும் அதன் விளிம்பில் புகுந்து அறுக்கும். உட்குழாயின் குரோமியப் பூச்சில் துருப்புள்ளி தோன்றினால், அது அரம்போல் இரப்பரைத் தேய்க்கும். நாகபுரியின் கோடையில் வண்டியை மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்திவைத்தால் இரப்பர் இறுகி வெடிக்கும். குழாய் வளைந்திருப்பினும் கசிவு உண்டாகும்.

இனி, கசிவினால் விளையும் தீங்கு யாது? அஃது இருவகைப்படும். எண்ணெய் குறையக் குறையத் துள்ளலை அடக்குவார் இல்லை. மேடுபள்ளத்தில் முன் சக்கரம் குதிக்கும். குதிக்கும் சக்கரம் தரையைப் பற்றாது. வளைவிலும், திடீரென நிறுத்த வேண்டிய வேளையிலும் தரையைப் பற்றாத சக்கரத்தால் பயன் இல்லை. இது முதல் தீங்கு. இரண்டாவது இதனினும் கொடிது. வழியும் எண்ணெய் கீழிறங்கி பிரேக் டிஸ்க்கையும் பேடையும் டயரையும் நனைக்கும். வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கினுடையது. எண்ணெய் ஊறிய பேடு அழுத்தினும் வழுக்கும். குழந்தையொன்று சாலையில் ஓடிவரும் அந்த நொடியில்தான் அது நமக்குத் தெரியவரும்.

ஆதலின், "ஓட்டலாமா?" என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. குழாயில் மெல்லிய ஈரப்படலம் மட்டும் தோன்றி, பிரேக்கும் டயரும் உலர்ந்திருப்பின், மெதுவாகப் பட்டறை வரை செல்லலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். வண்டி அமுங்கி ஒரு முறை எழுந்து நின்றால் எண்ணெய் இன்னும் தன் தொழிலைச் செய்கின்றது. இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய் குறைந்துவிட்டது. அவ்வண்டியில் பின்னால் ஒருவரை ஏற்றுதல் தகாது. எண்ணெய் பிரேக்கையோ டயரையோ தொட்டுவிட்டதெனின், ஒரு தெருவும் ஓட்டுதல் கூடாது. வேறொரு வாகனத்தில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புவதே முறை.

இங்கே எங்கள் இரயில்வேயின் வழக்கமொன்றைக் கூற விரும்புகின்றேன். பரிசோதனையின்போது ஒரு வாகனில் ஓடத்தகாத குறை கண்டால், அதனைச் 'சிக்' எனக் குறித்து, வண்டித்தொடரிலிருந்து கழற்றி, சிக் லைனுக்கு அனுப்பிவிடுவர். அந்த வாகன் உருளாது என்பதற்காக அன்று. அது நன்றாகவே உருளும். உருளும் என்பதனாலேதான் அதனை நிறுத்த வேண்டியுள்ளது. "இவ்வளவு தூரம் வந்ததே, இன்னும் சிறிது தூரம் போகாதா?" என்ற வாதம் அங்கே செல்லாது. நம் வீட்டு வண்டிக்கு அத்தகைய பரிசோதகர் இல்லை. நாமே பரிசோதகர், நாமே ஓட்டுநர். அதனாலேயே நமக்கு நாமே சலுகை காட்டிக்கொள்கின்றோம்.

சட்டமும் இதனையே கூறுகின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த பழுதுடன், அல்லது சற்றுக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுதுடன், பிறர்க்கு ஆபத்து விளையும் வகையில் வண்டி ஓட்டுவதைக் குற்றம் என்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 1,500 ரூபாய் வரை. அப்பழுதினால் ஒருவர்க்குக் காயம் நேர்ந்தால் மூன்று மாதச் சிறை வரை செல்லும். "தெரியாது" என்பதும் அங்கே விடையாகாது என்பதை நோக்குக.

திருவள்ளுவரும் பொருட்பாலில் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். அரசனுக்கு மறதி கேடு என்றால், மனைவியையும் மகவையும் பின்னிருக்கையில் அமர்த்திச் செல்லும் நமக்கு அது கேடாகாதோ?

சீர்செய்யும் முறை கடினமன்று. சில வேளை விளிம்பில் சிக்கிய மண்ணை மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டினால் துடைத்தெடுத்தாலே கசிவு நின்றுவிடும். நில்லாவிடில் சீலை மாற்றுக. ஒரு காலில் மட்டும் கசிந்தாலும் இரு கால்களிலும் மாற்றுதல் நன்று; கையேட்டில் கூறிய தரத்திலும் அளவிலும் இரண்டிலும் சமமாக எண்ணெய் வார்த்தல் வேண்டும். குழாயில் துருவிருப்பின் அதனைக் கவனியாமல் சீலை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்துக்குப் புது மூடி இடுவது போன்றதே. எண்ணெய் ஊறிய பிரேக் பேடைத் துடைத்துப் பயன்படுத்தாமல் புதிது போடுக. சீலின் விலை சில நூறு ரூபாயே ஆகும்.

பொங்கலுக்குள் வேலை முடியவில்லையா? வண்டியை இங்கேயே விட்டுவிட்டு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ்ஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ஸிலோ ஏறி ஊர் சேருங்கள். ஊரில் வண்டி வேண்டுமெனின், தொட்டியில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இல்லாமல் வடித்துவிட்டு, பதிவுச் சான்றின் நகலுடன் பார்சலில் பதிவு செய்யலாம்.

இறுதியாக ஒன்று கூறுவேன். நாம் அறியாமல் நேர்வதே விபத்து. அறிந்த பழுதோடு புறப்பட்டு நேர்வதற்கு அப்பெயர் பொருந்தாது. நாம் பிழைப்பை நாடி வெகுதூரம் வந்தவர்கள். ஊரில் வயது முதிர்ந்த தாய்தந்தையர் வழி நோக்கி இருக்கின்றனர். பண்டிகைக்கு ஒரு நாள் தாமதமாக வந்தால் அவர்கள் பொறுத்துக்கொள்வர். ஆதலின் இளைஞர்களே, இன்று வீடு சென்றதும் ஒரு விளக்கை எடுத்து வண்டியின் முன் குழாய்களைப் பாருங்கள். ஈரம் இருந்தால் நாளைக் காலை முதல் வேலை அதுவாகட்டும்.