செலவையும் மைக்கில் வாசியுங்கள்



உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனால் மொய் எழுதுவதை மைக்கில் வாசிப்பார்கள். இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், ஐநூற்றியொண்ணு என்று நாலு தெருவுக்குக் கேட்கும். பந்தலுக்கு எவ்வளவு, கிடாய்க்கு எவ்வளவு என்று யாரும் வாசிப்பதில்லை. வீட்டு விசேஷத்துக்கு அது சரிதான். நம் தொண்டு நிறுவனங்கள் பலவும் அப்படியே நடந்தால் சரியா? ஆண்டறிக்கையைப் புரட்டுங்கள். கொடுத்தவர் படம் முதல் பக்கத்தில், வண்ணத்தில். செலவுக் கணக்கு கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அதுவும் இங்கிலீஷில்.

வெளிநாட்டு உதவியோடு நடக்கிற சிறிய சமுதாய வளர்ச்சி அமைப்புகளின் விழுமியம், நிர்வாகம் பற்றிப் பேசச் சொன்னார்கள். விழுமியத்தை நான் விட்டுவிடுகிறேன். அது எல்லா அலுவலகச் சுவரிலும் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: கணக்கை யார் காதில் விழும்படி வாசிக்கிறீர்கள்?

வெளிநாட்டுப் பணம் ஒரு காலத்தில் எப்படி வந்தது என்று பாருங்கள். 1968-ல் இத்தாலியின் சான்ரெமோ நகரத்திலிருந்து ஒரு தத்துவ ஆசிரியர் தமிழ்நாட்டுக்கு வந்தார். பெயர் ஜியோவன்னி எர்மிக்லியா. வினோபாவின் பூமிதானத்தில் ஏழைகளுக்கு நிலம் கிடைத்திருந்த காலம். கிடைத்ததில் பெரும்பாலும் தரிசு. கிணறில்லை, உழ மாடில்லை, விதைக்கக் காசில்லை. பட்டா மட்டும் இருந்தது. எர்மிக்லியா கைக்காசைப் போட்டார், தன் ஊர் நண்பர்களிடம் கேட்டு வாங்கினார். சேவலூரில் முதல் பண்ணை எழுந்தது. லோகநாதன் போன்ற சர்வோதயத் தொண்டர்கள் கையில் அது ‘அசெஃபா’ என்ற அமைப்பாக வளர்ந்தது. பணம் சான்ரெமோவிலிருந்து வந்தது. வேலையை நடத்தியவர்கள் நம் ஊர்க்காரர்கள். பணம் கொடுத்த கையே சாவிக்கொத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த மனிதர் நினைக்கவில்லை. உதவ வந்த வேறு பல பேர் அப்படி நினைத்தார்கள்.

இன்றைக்குச் சட்டம் என்ன சொல்கிறது? அயல்நாட்டு நன்கொடைக்கான சட்டம் 1976-ல் வந்தது, 2010-ல் புதிதாக எழுதப்பட்டது, 2020-ல் இறுக்கப்பட்டது. இப்போது வெளிநாட்டுப் பணம் மதுரைக்கு வருவதென்றாலும் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் நாடாளுமன்றத் தெருக் கிளையில் இறங்கித்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை 20 ஆக்கிவிட்டார்கள். கணக்கு எழுதுகிறவர் சம்பளமும் அந்த இருபதுக்குள்தான்! வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. தப்புச் செய்தவனைப் பிடிக்கப் போட்ட வலை இது என்கிறார்கள். சிக்கியதில், பெரிய அமைப்பு ஒன்றை அண்டி நாலு ஊருக்கு வேலை செய்துகொண்டிருந்த சின்ன அமைப்புகளும் உண்டு. இங்கிலீஷில் விண்ணப்பம் எழுத ஆளில்லாதவர்கள் அவர்கள்.

இந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புருஷன் தலைவர், பெண்டாட்டி பொருளாளர், மச்சான் செயலாளர் என்று நடக்கிற டிரஸ்டுகளை நாம் பார்க்கவில்லையா? ஆனால் சட்டம் டெல்லிக்குக் கணக்குக் காட்டச் சொல்கிறது. நன்கொடையாளர் லண்டனுக்கோ மிலானுக்கோ காட்டச் சொல்கிறார். யார் பேரைச் சொல்லிப் பணம் வந்ததோ, அந்த ஊருக்குக் காட்டு என்று சொல்ல ஆளில்லை.

ஆளில்லை என்றேனே, அப்படிச் சொன்னவர்கள் இந்த மதுரையிலேயே இருக்கிறார்கள். அழகர்கோயில் பக்கம் புல்லிசேரி சின்னப்பிள்ளை அம்மாளை எல்லாருக்கும் தெரியும். 2001-ல் டெல்லி மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய படமும், 2019-ல் வந்த பத்மஸ்ரீயும் தெரியும். அதற்கு முன்னால் அவர் நடவுக்கு ஆள் சேர்த்து, வயல்காரரிடம் நேருக்கு நேர் நின்று கூலி பேசிய கூலிக்காரப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் தலைவியாக வளர்ந்தது, பெண்கள் சேர்ந்து சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் களஞ்சியம் குழுவில். 1997-ல் மதுரையில் தொடங்கிய தானம் அறக்கட்டளை அந்தக் களஞ்சியங்களைப் பரப்பியது.

ஒரு களஞ்சியக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், பதினைந்து இருபது பேர். தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு, ஆளாளுக்கு ஒரு பாஸ் புத்தகம். கணக்குப் பிள்ளை சத்தமாக வாசிக்கும். ஒருத்தி ஆடு வாங்கக் கடன் கேட்பாள். “போன தடவை வாங்குன ஆடு எங்கடி?” என்று எதிரில் இருந்து கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு எந்தத் தணிக்கையாளர் ஈடு? ஆடு இருக்கிறதா இல்லையா என்று கேட்கிறவளுக்கே தெரியும், பக்கத்து வீடு. குழுக்களுக்கு மேலே கூட்டமைப்பு உண்டு. அதிலும் உட்காருவது குழுக்கள் அனுப்பிய பெண்கள்தான். எல்லாக் குழுவும் இப்படியே நடக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தலைவி வீட்டில் நோட்டு பூட்டிக் கிடக்கிற குழுவும் உண்டு. அங்கே முதலில் நிற்பது கூட்டம், பிறகு சேமிப்பு, கடைசியில் குழு.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடைக்கு மேடை இழுக்கிறோம். பராந்தக சோழன் காலம், 919, 921, குடவோலை, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். அதோடு நிறுத்திவிடுவோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்று அதே கல்வெட்டில் இருக்கிறது. அந்த வரியை நம் மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை. மேடையில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

நிகழ்ச்சி நிரலில் எனக்கு அடுத்தது மதிய உணவு, அதற்குப் பிறகு பொருளாளர் அறிக்கை என்று போட்டிருக்கிறது. சாப்பாட்டுக்கு அப்புறம் அறிக்கை என்றால் கேட்க நாற்காலிதான் இருக்கும். தலைவர் அனுமதித்தால் அதை இப்போதே வாசித்துவிடலாம். பொருளாளர் ஐயா, மைக்கை நான் தருகிறேன், தமிழில் வாசியுங்கள். வண்டி வாடகையிலிருந்து ஆரம்பியுங்கள். தாய்மார்கள் யாரும் எழுந்து போக வேண்டாம், புரியாத இடத்தில் கையைத் தூக்குங்கள்.